எயார்லைன்ஸ் நட்டம், சம்பளச் சண்டை: கிளிநொச்சிக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. போட்டோக்கொப்பி, கரண்ட் பில், விமான டிக்கெட் என்று எல்லாம் செய்வேன். டிக்கெட் போட வருகிறவர்களை விட, வரிசையில் நின்று செய்தி கதைக்கிறவர்கள்தான் அதிகம். "எயார்லைன்ஸ்காரர் திரும்பவும் சம்பளம் கேட்கினமாம், அதுதான் நட்டமாம்" என்று அரசாங்கத்தின் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸைப் பற்றி ஒருவர் தொடங்கினால் போதும், பத்துக் கேள்வி வந்துவிடும். ஒரே பதிலை ஒரு நாளைக்கு நாலு தரம் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதி வைக்கிறேன்.

நான் இன்றுவரை விமானத்தில் ஏறியதே இல்லை. எயார்லைன்ஸ் நட்டப்பட்டால் எனக்கு என்ன?

தர்மபுரத்திலிருந்து வந்த ஒரு கமக்காரர் கேட்டது இது. இந்தக் கேள்விக்கு நாட்டின் பிரதமரே ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறார். 2022 மே 16 அன்று, பதவியேற்று நாலு நாளில், ரணில் விக்கிரமசிங்க தொலைக்காட்சியில் பேசினார். ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸின் 2020–2021 நட்டம் மட்டும் 4,500 கோடி ரூபா, 2021 மார்ச் 31 வரை சேர்ந்த நட்டம் 37,200 கோடி ரூபா என்றார். நிறுவனத்தைத் தனியாருக்குக் கொடுத்தாலும் இந்த நட்டத்தை நாங்கள்தான் சுமக்க வேண்டும், விமானத்தில் கால் வைக்காத ஏழைகளும் சுமக்க வேண்டும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

கல்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். 37,200 கோடியை நாட்டிலுள்ள 2 கோடி 20 இலட்சம் பேருக்கும் பிரித்தால், தலைக்குக் கிட்டத்தட்ட 17,000 ரூபா. ஐந்து பேர் உள்ள வீடு என்றால் 85,000.

இந்தக் காசை யாரும் வீட்டுக்கு வந்து கேட்கவில்லையே என்பீர்கள். சுற்றி வருகிறது. நிறுவனம் அரச வங்கிகளில் கடன் வாங்கியது. அரசாங்கத்தின் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம் எரிபொருளைக் கடனுக்கு அடித்தது, அந்த நிலுவை பல கோடி டாலர். 2019 இல் 17 கோடி 50 இலட்சம் டாலருக்குக் கடன்பத்திரம் விற்றபோது பிணைக் கையெழுத்து வைத்தது அரசாங்கம். கடன்காரன் கட்டாவிட்டால் பிணை நின்றவனைத் தேடி வருவார்கள் என்பது நுண்கடனில் அகப்பட்ட எங்கள் ஊர்ப் பெண்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 2025 வரவுசெலவுத் திட்டத்திலும் எயார்லைன்ஸின் பழைய கடனுக்கென்று 2,000 கோடி ரூபா ஒதுக்கினார்கள். அந்தக் காசு வரியிலிருந்து வருகிறது. 2022 மே வரை 8 சதவீதமாக இருந்த வற் (பெறுமதி சேர்) வரி 2024 ஜனவரியில் 18 ஆனதை நீங்கள் சவர்க்காரம் வாங்கும்போதே பார்த்திருப்பீர்கள்.

இன்னொன்று. விமானத்துக்கு அடிக்கிற எரிபொருளும் ஒருவகை மண்ணெண்ணெய்தான். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ஆனபோது முல்லைத்தீவில் எத்தனை படகுகள் கரையில் கிடந்தன என்று யோசித்துப் பாருங்கள். எயார்லைன்ஸின் கடனால்தான் அந்த விலை ஏறியது என்று நான் சொல்லவில்லை, அதற்கு வேறு பல காரணங்கள். ஆனால் இரண்டுக்கும் காசுப் பெட்டி ஒன்று.

விமானங்கள் நிறைந்துதானே போகின்றன? பிறகு எப்படி நட்டம் வரும்?

லீசிங்கில் உழவு இயந்திரம் எடுத்தவருக்கு இது உடனே விளங்கும். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும், வயல் உழுதாலும் உழாவிட்டாலும், மாதம் பிறந்தால் தவணை கட்ட வேண்டும். இரண்டு தவணை விட்டால் இயந்திரத்தை இழுத்துக்கொண்டு போவார்கள். உலகத்தில் பறக்கிற விமானங்களில் ஏறக்குறைய பாதி இப்படி வாடகைக்கு எடுத்தவைதான். ஸ்ரீலங்கனின் நிலையும் அதுதான்.

வித்தியாசம் என்னவென்றால், அந்தத் தவணை டாலரில். 2022 தொடக்கத்தில் ஒரு டாலர் 200 ரூபா அளவில் இருந்தது, மே மாதம் 360 ஐத் தாண்டிவிட்டது. விமானம் அதே விமானம், வாடகை அதே டாலர், ஆனால் ரூபாக் கணக்கில் முக்கால் மடங்குக்கு மேல் கூடிவிட்டது. எரிபொருள், உதிரிப்பாகம், காப்புறுதி எல்லாமே டாலர். வெளிநாட்டில் விற்கிற டிக்கெட்டுக்கு அந்நியச் செலாவணி வரும், அது கொஞ்சம் தாங்கும். முழுக்கத் தாங்காது.

நன்றாக நடக்கிற கம்பெனிகளுக்கே இதில் மிச்சம் குறைவு. 2025 க்கு விமான நிறுவனங்களின் உலகச் சங்கம் போட்ட மதிப்பீட்டில், ஒரு பயணியிடமிருந்து கிடைக்கும் தேறிய இலாபம் சராசரி 7 டாலர் அளவு. லண்டனுக்கு இரண்டு இலட்சத்துக்கு மேல் கொடுத்து டிக்கெட் எடுக்கிறீர்களே, அதில் கம்பெனிக்கு மிஞ்சுவது இரண்டாயிரம் சொச்சம். ஒரு நாள் விமானம் பழுதாகி, 250 பேரை ஹோட்டலில் போட்டுச் சாப்பாடு கொடுத்தால் அந்த மிச்சமும் போய்விடும்.

ஸ்ரீலங்கன் தொடங்கிய நாளிலிருந்தே நட்டமா?

இல்லை. முதலில் இருந்தது எயார் சிலோன். 1947 டிசம்பரில் அதன் முதல் பறப்பே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான். வடக்குக்கும் விமானத்துக்கும் தொடர்பில்லை என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அது 1970களின் கடைசியில் மூடப்பட்டு, 1979 இல் எயார் லங்கா வந்தது. 1998 இல் டுபாயின் எமிரேட்ஸ் 40 சதவீதப் பங்கையும் பத்து வருட முகாமைத்துவத்தையும் எடுத்தது, பெயரும் ஸ்ரீலங்கன் என்று மாறியது. எமிரேட்ஸ் நடத்திய கடைசி நிதியாண்டில் இலாபம் இருந்தது. 2008 இல் அவர்கள் விலகினார்கள். அவர்கள் கையில் 43.63 சதவீதமாகக் கூடியிருந்த பங்கை அரசாங்கம் 2010 இல் 5 கோடி 30 இலட்சம் டாலருக்குத் திரும்ப வாங்கியது. அதற்குப் பிறகு பெரும்பாலான வருடங்கள் நட்டம்தான்.

இடையில் மிஹின் லங்கா என்று இன்னொன்றும் 2007 இல் அரச காசில் பறக்கத் தொடங்கி, 2016 இல் ஸ்ரீலங்கனோடு சேர்க்கப்பட்டது. அதன் கடனும் கூடவே வந்தது. அதே 2016 இறுதியில் செலவு தாங்காமல் பாரிஸ், பிராங்பேர்ட் சேவைகளை நிறுத்தினார்கள். பாரிஸின் லாச்சப்பலில் சொந்தக்காரர் உள்ளவர்களுக்கு அந்த வருடம் நினைவிருக்கும்.

எமிரேட்ஸ் ஏன் போனது? லண்டனில் ஏதோ ஆசனச் சண்டை என்கிறார்களே?

நடந்தது உண்மை. 2007 டிசம்பரில் அப்போதைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ பரிவாரத்தோடு லண்டனில் இருந்தார். திரும்பி வர ஒரே விமானத்தில் 35 ஆசனங்கள் அளவில் கேட்டார்கள். விமானம் ஏற்கெனவே நிறைந்திருந்தது. காசு கட்டிய பயணிகளை இறக்க முடியாது என்று நிறுவனம் மறுத்துவிட்டது. அதைத் தொடர்ந்து எமிரேட்ஸ் சார்பில் தலைமை நிறைவேற்று அதிகாரியாக இருந்த பீற்றர் ஹில்லின் வேலை அனுமதி இரத்தானது. சில மாதங்களில் முகாமைத்துவ ஒப்பந்தம் முடிந்தபோது எமிரேட்ஸ் அதைப் புதுப்பிக்கவில்லை.

ஒப்பந்தம் எப்படியும் முடிகிற காலம்தான், ஆசனச் சண்டை மட்டும் காரணம் என்று சொன்னால் மிகை. ஆனாலும் இந்த ஒரு சம்பவத்தில் முழு வியாதியும் தெரிகிறது என்பது என் எண்ணம். "இந்த ஆசனத்துக்கு ஒருவர் காசு கட்டியிருக்கிறார்" என்று சொல்லக்கூடிய முகாமையாளர் இருக்கும்வரை கம்பெனி கம்பெனியாக இருந்தது. அதன்பிறகு தவிசாளர் கதிரைக்கு வந்தவர் ஜனாதிபதியின் மைத்துனர். எங்கள் பக்கத்தில் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தலைவர் தெரிவு செய்யும்போது கூட, கணக்குத் தெரியுமா என்று ஒருவராவது எழும்பிக் கேட்பார்.

2001 தாக்குதல்தான் எல்லாத்துக்கும் காரணம் என்கிறார்களே?

2001 ஜூலை 24 இல் கட்டுநாயக்க விமான நிலையத்தில் நடந்த தாக்குதலில் நிறுவனத்தின் 3 எயார்பஸ் விமானங்கள் முற்றாக அழிந்தன, வேறு சிலவும் சேதமாகின. காப்புறுதிச் செலவு ஏறியது, சுற்றுலாப் பயணிகள் குறைந்தார்கள். பெரிய அடிதான். ஆனால் அந்த அடியிலிருந்து அதே நிறுவனம் எழும்பி, பிறகு இலாபமும் காட்டியது. 2008 க்குப் பிந்திய நட்டத்தை அந்த நாளின் தலையில் கட்ட முடியாது.

எயார்பஸ் இலஞ்சம் என்பது என்ன?

2013 இல் ஸ்ரீலங்கன் எயார்பஸ்ஸிடம் 6 ஏ330 விமானங்களும் 4 ஏ350 விமானங்களும் வாங்க ஒப்பந்தம் செய்தது, மேலும் 4 ஏ350 களை வாடகைக்கு எடுப்பதாக இருந்தது. நட்டத்தில் ஓடுகிற கம்பெனி அவ்வளவு பெரிய விமானங்களை ஏன் வாங்குகிறது என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு.

2020 ஜனவரி 31 அன்று, பல நாடுகளில் இலஞ்சம் கொடுத்ததற்காக எயார்பஸ் பிரான்ஸ், பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 360 கோடி யூரோ தண்டம் கட்ட ஒத்துக்கொண்டது. பிரித்தானிய நீதிமன்றத்தில் வைத்த ஆவணத்தில் இலங்கையும் இருந்தது. விமானக் கொள்வனவோடு தொடர்புடைய ஸ்ரீலங்கன் அதிகாரி ஒருவரின் மனைவியின் கம்பெனிக்கு 20 இலட்சம் டாலர் போனதாக அதில் எழுதியிருக்கிறது. அடுத்த மாதமே முன்னாள் தலைமை நிறைவேற்று அதிகாரியும் மனைவியும் கொழும்பில் கைதானார்கள்.

இருபது இலட்சம் டாலர் பெரிய காசு. ஆனால் அதைவிடப் பெரிய நட்டம் வேறு இடத்தில். ஏ350 கள் வேண்டாம் என்று 2016 இல் வாடகை ஒப்பந்தங்களை முறித்தபோது, ஒருநாளும் பறக்காத அந்த விமானங்களுக்காக 9 கோடி டாலருக்கு மேல் நட்டஈடு கட்டினார்கள். காணாத மாட்டுக்குக் கட்டிய கயிறு.

ஊழியர் சம்பளம்தான் நட்டத்துக்குக் காரணமா?

கடையில் அதிகம் சண்டை வருகிற கேள்வி இது. "ஆறாயிரம் பேரை வைச்சுக்கொண்டு இருபது சொச்சம் பிளேன் ஓட்டினால் நட்டம் வராமல்?" என்பார் ஒருவர். அந்த ஆறாயிரம் என்ற கணக்கை அப்படியே எடுக்கக் கூடாது. ஸ்ரீலங்கன் தன் விமானத்தை மட்டும் பார்ப்பதில்லை. கட்டுநாயக்கவுக்கு வருகிற மற்றக் கம்பெனி விமானங்களுக்கும் பெட்டி இறக்குவது, பயணிகளைப் பதிவது, சரக்குப் பார்ப்பது அவர்கள்தான். அதற்குக் காசும் வாங்குகிறார்கள். விமானம் பழுதுபார்க்கும் பகுதியும் உண்டு. இந்த வேலைகளை வெளியாளுக்குக் கொடுத்துவிட்ட ஒரு நிறுவனத்தோடு தலை எண்ணி ஒப்பிட்டால் கணக்குப் பிழைக்கும்.

அதற்காக ஆள் கூடுதல் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆட்சி மாறும்போதெல்லாம் தெரிந்தவர், தொகுதிக்காரர் என்று ஆட்களைச் செருகுவது அரச நிறுவனங்களில் ஊரறிந்த விடயம். 2015 இல் சட்டத்தரணி வெலியமுன தலைமையிலான குழு ஒன்று நிறுவனத்தைத் துருவி அறிக்கை கொடுத்தது, 2018 இல் ஜனாதிபதி ஆணைக்குழுவும் வந்தது. இரண்டிலும் பெரிதாகப் பேசப்பட்டது பெட்டி தூக்குகிறவரின் சம்பளம் அல்ல. நியமனம், கொள்வனவு, விமான ஒப்பந்தம், மேலிடத்துச் சலுகை, இவைதான்.

என் கணிப்பைச் சொல்கிறேன். வாடகையும் வட்டியும் எரிபொருளும் கம்பெனியின் கையில் இல்லை. வெளிநாட்டுக்காரன் சொன்ன விலை, சொன்ன தேதி. கையில் வெட்டக்கூடியதாக மிஞ்சுவது சம்பளம் ஒன்றுதான். அதனால் முகாமைத்துவத்தின் கண் முதலில் அங்கே போகிறது. ஊழியரோ, "ஒப்பந்தம் போட்டவர் வீட்டில் இருக்கிறார், கட்டுவது நாங்களா?" என்று கேட்கிறார். சண்டையின் வேர் இது. கிளிநொச்சியில் ஐம்பதாயிரத்தோடு மாதத்தை ஓட்டுகிற ஆசிரியருக்கு விமானியின் சம்பளத்தைக் கேட்டால் தலை சுற்றும், அதுவும் நியாயம்தான். ஆனால் அந்த ஆசிரியர் கட்டுகிற வரியில் எயார்லைன்ஸுக்குப் போகிற பங்கு விமானியின் பைக்குப் போகவில்லை, பழைய கடனுக்குப் போகிறது.

அவ்வளவு சம்பளம் எடுக்கிற விமானிகள் ஏன் இன்னும் கேட்கிறார்கள்?

அவர்களுடைய சந்தை கொழும்பு இல்லை. டோஹா, டுபாய், ரியாத். ஏ330 ஓட்டத் தெரிந்தவரை எந்த நாட்டுக் கம்பெனியும் எடுக்கும், டாலரில் கொடுக்கும். 2022 இல் ரூபா விழுந்தது, 2023 ஜனவரியில் உச்ச வருமான வரி 36 சதவீதமானது. வைத்தியர், பொறியியலாளர், பல்கலைக்கழக விரிவுரையாளர் எல்லோரும் வீதிக்கு வந்த அதே காலத்தில் விமானிகளும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். எதிர்ப்பதை விட்டுப் பலர் போயே விட்டார்கள். பிறகு விமானி இல்லாமல் விமானங்கள் தாமதமாகின.

எங்கள் வைத்தியசாலைகளிலிருந்து வைத்தியர்கள் லண்டனுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போன கதைதான் இதுவும். வித்தியாசம் என்னவென்றால், ஒரு விமானி போனால் அவரிடத்தில் நாளைக்கே ஒருவரை இருத்த முடியாது. ஒவ்வொரு ரக விமானத்துக்கும் தனிப் பயிற்சி, தனி அனுமதி.

ஓய்வு நேரமும் இதே சண்டையின் ஒரு பகுதி. 2025 டிசம்பர் முதல் வாரத்தில் இந்தியாவின் இண்டிகோ ஆயிரக்கணக்கான பறப்புகளை இரத்துச் செய்ததே, நினைவிருக்கிறதா? விமானிகளுக்கு வாரத்தில் 48 மணித்தியால ஓய்வு கொடுக்க வேண்டும், இரவுத் தரையிறக்கத்தைக் குறைக்க வேண்டும் என்று விதி வந்தது. வரப்போகிறது என்று தெரிந்தும் போதிய ஆட்களை ஆயத்தம் செய்யவில்லை. சென்னையில் அகப்பட்ட சனத்துக்கு "விமானி இல்லை" என்றுதான் சொல்லப்பட்டது. விமானியை எண்ணி வைக்க வேண்டிய வேலை முகாமைத்துவத்தினுடையது.

கனடாவில் விமானப் பணிப்பெண்கள் வேலையை நிறுத்தியது ஏன்?

2025 ஆகஸ்ட் 16 இல் எயார் கனடாவின் 10,000 அளவிலான விமானப் பணியாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். ரொறன்ரோவிலிருந்து ஒரு கலியாணத்துக்கு வர இருந்தவர்கள் எனக்கு இரவிரவாகப் போன் எடுத்ததால் எனக்கு நன்றாகவே தெரியும். அவர்களுடைய கோபம் சம்பளத் தொகையில் மட்டும் இல்லை. பல கம்பெனிகளில் பணிப்பெண்ணுக்கு மணித்தியாலக் கணக்கு ஓடத் தொடங்குவது விமானம் நகரத் தொடங்கிய பிறகுதான். பயணிகளை ஏற்றுவது, பெட்டியை மேலே வைக்க உதவுவது, குழந்தை அழுதால் பார்ப்பது, விமானம் இரண்டு மணித்தியாலம் தரையில் நின்றால் எங்கள் ஏச்சைக் கேட்பது, இதற்கெல்லாம் காசு இல்லை, அல்லது மிகக் குறைவு.

வயல் வேலைக்குக் கூலி பேசும்போது, வரம்பில் நடந்து வந்த நேரத்தை யாரும் கணக்கெடுப்பதில்லை என்று ஒரு அக்கா கடையில் இருந்து சொன்னார். ஏறக்குறைய அதேதான். மத்திய அரசு ஒரு நாளுக்குள் வேலைக்குத் திரும்பச் சொல்லி உத்தரவு போட்டது, தொழிற்சங்கம் அதை மீறி நின்றது, 19 ஆம் தேதி உடன்பாடு வந்தது. தரையில் வேலை செய்யும் நேரத்துக்கும் ஊதியம் என்ற கோரிக்கையை அதன் பிறகு யாரும் சிரித்துத் தள்ளவில்லை.

இலங்கையில் அப்படி நிற்க முடியுமா?

தொழிற்சங்கம் அமைக்கவும் வேலைநிறுத்தம் செய்யவும் முடியும். ஆனால் அரசாங்கம் ஒரு சேவையை 1979 ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொதுச் சேவைகள் சட்டத்தின் கீழ் வர்த்தமானியில் போட்டுவிட்டால், வேலைக்கு வராமல் நிற்பது குற்றமாகிவிடும். அதனால் இங்கே பலர் வெளிப்படையாக நிற்பதில்லை. திடீரென்று ஒரே நாளில் எல்லோருக்கும் காய்ச்சல் வரும்.

கம்பெனி மூடினால் ஊழியருக்கு என்ன கிடைக்கும்?

இந்தியாவைப் பாருங்கள். கிங்பிஷர் 2012 இல் நின்றபோது மாதக்கணக்கில் சம்பள பாக்கி. ஜெட் எயார்வேய்ஸ் 2019 ஏப்ரல் 17 இல் கடைசியாகப் பறந்தது. அதை மீட்க ஐந்து வருடம் இழுபட்டு, 2024 நவம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் விற்றுத் தீர்க்கச் சொல்லிவிட்டது. அதுவரை ஊழியர்கள் பாக்கிக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

இங்கே சட்டத்தில் சில பிடிமானங்கள் உண்டு. 15 பேருக்குக் குறையாத இடத்தில் 5 வருடம் வேலை செய்தவருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாக வர வேண்டும். ஊழியர் சேமலாப நிதியில் உங்கள் 8 சதவீதமும் முதலாளியின் 12 சதவீதமும் சேர்ந்திருக்க வேண்டும். ஆட்குறைப்பு என்றால் ஊழியரின் சம்மதம் அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும், அதற்கான நட்டஈட்டின் உச்சம் 25 இலட்சம். இது விமானக் கம்பெனிக்கு மட்டும் இல்லை, எங்கள் பக்கத்தில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிற பிள்ளைக்கும்தான். சேமலாப நிதிக் கணக்கை வருடத்துக்கு ஒருமுறையாவது பாருங்கள். பிடித்த காசைக் கட்டாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வேலைநிறுத்தம் என்று விமானம் நின்றால் என் டிக்கெட் காசு?

முதலில், உங்களிடம் இருப்பது உண்மையான டிக்கெட்டா என்று பாருங்கள். ஆறு எழுத்துப் பதிவு எண் மட்டும் போதாது. அது இடம் பிடித்ததற்கான அடையாளம், அவ்வளவுதான். 13 இலக்க டிக்கெட் எண் இருக்க வேண்டும். அதன் முதல் மூன்று இலக்கம் கம்பெனியைக் காட்டும், ஸ்ரீலங்கனுக்கு 603. அந்த எண் தராமல் முழுக் காசையும் வாங்கினால், காசு இன்னும் கம்பெனிக்குப் போகவில்லை என்று அர்த்தம்.

கம்பெனியே இரத்துச் செய்தால் வேறு விமானத்தில் அனுப்ப வேண்டும், அல்லது காசைத் திருப்பித் தர வேண்டும். வவுச்சர் தருகிறோம் என்பார்கள், உங்களுக்கு வேண்டாமென்றால் வேண்டாம் என்று சொல்லலாம். கம்பெனி ஆட்டம் கண்டிருக்கிறது என்று செய்தி வருகிற காலத்தில் கடன் அட்டையில் எடுப்பது நல்லது. சேவை கிடைக்காவிட்டால் வங்கியூடாகத் திருப்பிக் கேட்கலாம். காசாகக் கொடுத்தால், கம்பெனி விழும்போது அதனிடமிருந்து காசு வர வேண்டியவர்களின் வரிசையில் கடைசியில் நிற்க வேண்டியதுதான்.

நட்டஈடு என்பது நாட்டைப் பொறுத்தது. லண்டனிலிருந்து புறப்படுகிற எந்தக் கம்பெனி விமானத்துக்கும் பிரித்தானிய விதி பொருந்தும். கொழும்பு போன்ற தூரத்துக்கு 4 மணித்தியாலம் பிந்திச் சேர்ந்தால் 520 பவுண் வரை கேட்கலாம், பிழை கம்பெனியினுடையதாக இருந்தால். ஆனால் கொழும்பிலிருந்து லண்டனுக்கு ஸ்ரீலங்கனில் போனால் அந்த விதி இல்லை. ஒரே பாதை, திசை மாறினால் சட்டம் மாறுகிறது. சொந்த ஊழியர் வேலைநிறுத்தம் கம்பெனியின் பொறுப்புத்தான் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2021 இல் சொல்லிவிட்டது. கனடாவில் அப்படி இல்லை. அங்கே வேலைநிறுத்தம் கம்பெனியின் கையை மீறியது என்று கணக்கு, வேறு விமானம் தருவார்கள், நட்டஈடு கிடைக்காது.

என்னுடைய சொந்த அனுபவம் ஒன்று. 2022 இல் விசுவமடுவிலிருந்து ஒரு அம்மாவை மகனிடம் அனுப்பினேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். வான் பிடித்து ரோட்டால் முந்நூறு கிலோமீற்றர் போய், கட்டுநாயக்கவில் 14 மணித்தியாலம் இருந்து, பறப்பு இரத்து என்று திரும்ப வந்தார். ஏன் இரத்து என்று எழுத்தில் ஒரு வரி வாங்கி வரவில்லை. அதனால் மகன் அங்கிருந்து கேட்ட எதுவும் நடக்கவில்லை. அன்றிலிருந்து போகிற எல்லோருக்கும் சொல்கிறேன்: கவுண்டரில் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள், தராவிட்டால் திரையைப் போனில் படம் எடுங்கள், சாப்பாட்டு ரசீதை எறியாதீர்கள்.

வித்துவிட்டால் பிரச்சினை முடியும்தானே?

பார்த்தார்கள். 2017 இல் ஒரு வெளிநாட்டு முதலீட்டு நிறுவனத்தோடு நடந்த பேச்சு முறிந்தது. 2023–2024 இல் டெண்டர் கோரி, ஆட்களும் வந்தார்கள், பிறகு 2024 இல் வந்த புதிய அரசாங்கம் விற்பதில்லை என்று நிறுத்திவிட்டது.

எயார் இந்தியாவைச் சிலர் உதாரணம் காட்டுவார்கள். டாட்டா 18,000 கோடி இந்திய ரூபாவுக்கு எடுத்ததாகத்தான் தலைப்பு. உள்ளே பார்த்தால், அரசுக்குக் காசாக வந்தது 2,700 கோடி, மிகுதி 15,300 கோடி கடனை ஏற்றுக்கொண்டது. மொத்தக் கடன் 61,000 கோடிக்கு மேல். டாட்டா எடுக்காத 46,000 கோடி அளவு கடன் அரசின் தலையில், அதாவது இந்திய மக்களின் தலையில். வாங்க வருகிறவன் கறக்கிற பசுவைத்தான் கேட்பான், அதன் பழைய கடனைக் கேட்க மாட்டான். விற்பதா வைத்திருப்பதா என்று வருடக்கணக்கில் கத்துகிறோம். இரண்டிலும் பழைய கடன் எங்களோடுதான் இருக்கிறது. வைத்திருந்தால் புதுக் கடன் ஏறாமல் பார்க்கக்கூடிய பணிப்பாளர் சபை இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. 2023/24 நிதியாண்டில் இலாபம் காட்டினார்கள், அதில் பெரும்பங்கு ரூபா வலுத்ததால் வந்தது என்றும் சொல்லப்பட்டது. ரூபா வலுத்தது எந்த முகாமையாளரின் கெட்டித்தனமும் இல்லை.

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து போனால் இந்தத் தலையிடி இல்லையா?

கட்டுநாயக்கவுக்கு வான் பிடித்து வவுனியா, புத்தளம், நீர்கொழும்பு என்று இரவிரவாகப் போவதோடு பார்த்தால், கிளிநொச்சியிலிருந்து பலாலி இரண்டு மணித்தியாலம்தான். 2019 ஒக்டோபரில் திறந்து, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் சென்னைச் சேவை திரும்ப வந்தது. 2024 செப்டெம்பரிலிருந்து இண்டிகோவும் வருகிறது. சின்ன விமானம், பெட்டி நிறை குறைவு. ஒரு பறப்பு நின்றால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும், அதனால் சென்னையில் மாறிப் போகிறவர்கள் நடுவில் ஒரு நாளாவது விடுங்கள்.

மகள் ஏ.எல். முடித்துவிட்டாள். எயார்லைன்ஸ் வேலைக்குப் போகலாமா?

போகலாம். ஆங்கிலம் வேண்டும், தமிழும் சிங்களமும் தெரிந்தால் தரைப் பணியில் கை கூடும். சென்னை, திருச்சி விமானங்களில் தமிழ் பேசுகிறவருக்குத் தேவை இருக்கிறது. ஆனால் வேலைக் கடிதத்தைக் கவனமாகப் பாருங்கள். விமானக் கம்பெனியின் நிரந்தர வேலையா, இடையில் ஒரு ஆள்சேர்ப்புக் கம்பெனியின் ஒப்பந்தமா? ஒரே சீருடை, ஒரே கவுண்டர், ஆனால் சம்பளமும் சேமலாப நிதியும் வேறு வேறாக இருக்கும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். படி பெரிதாகவும் அடிப்படை சின்னதாகவும் இருந்தால் பறப்பு குறைகிற மாதம் கை காலியாகும், பணிக்கொடையும் பெரும்பாலும் அந்தச் சின்னத் தொகையை வைத்தே கணக்காகும்.

நேர்முகத்துக்கே காசு கேட்டால் போக வேண்டாம். பயோடேட்டா தட்டுவதென்றால் சனிக்கிழமை காலையில் கூட்டி வாருங்கள். வெள்ளி பின்னேரம் கரண்ட் பில் கட்டுகிற சனம்.